கேட் மூன்றில் ஒருவர்

உள்ளே: 1.

பொற்கொடி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை. காலையிலிருந்தே மண் சுமக்கும் கன்வேயர் பெல்ட் நிற்கிறது. பழுது பார்க்க இறங்கிய பதினெட்டுப் பேரும் மூன்று மணிக்கே ஏறி வந்து, கேட்டில் அட்டையைக் காட்டி, ஆணியில் மாட்டியிருந்த சோற்றுப் பைகளை எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் பஸ் ஏறிவிட வேண்டும் என்று ஓடியதை அவளே கேமராவில் பார்த்தாள். சுரங்கத்துக்குள் ஈ காக்கா கிடையாது. இருந்தும் ஸ்க்ரீனின் வலது மூலையில், பச்சைக் கட்டத்துக்குள், ஒரு ஒன்று.

வெளியே கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. நெய்வேலியில் மழை பெய்தால் சுரங்கத்துப் பக்கம் மண்வாசனை என்று யாரும் மூக்கை நீட்ட மாட்டார்கள். நனைந்த பழுப்பு நிலக்கரியும், தோண்டிக் கொட்டிய களிமண்ணும் சேர்ந்து, கோணிச் சாக்கை ஊறப்போட்டு மறந்தது மாதிரி ஒரு வாடை அடிக்கும். அது எப்போதும் வெளியில்தான் அடிக்கும். இன்றைக்கு ஏசி அறைக்குள், கதவு சாத்தியிருக்கையில், அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து அடித்தது.

அவள் திரும்பவில்லை. பின்னால் இருப்பது பழைய சாமான் அடுக்கி வைத்த ரேக். அந்தப் பக்கம் அவள் நாற்பது நாளாகவே திரும்புவதில்லை.

சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் அவளுக்கு வேலை. மூன்று கேட், மூன்று கம்ப்யூட்டர், ஒரு சர்வர். பெல்ட்டுக்கு அடியில் சிந்திய மண்ணை வார இறங்கும் ஆள் கேட்டில் அட்டையை வைத்தால், கேமரா முகத்தைப் படம் பிடிக்கும், பேர் சர்வரில் விழும், இரும்புக் கம்பி சுழன்று ஒரு ஆளை உள்ளே விடும். வேலை முடிந்து எல்லோரும் ஏறி வந்து எண்ணிக்கை பூஜ்யம் ஆன பிறகுதான் பெல்ட்டை ஓட்டலாம். குறித்த நேரத்துக்கு இரண்டு எச்சரிக்கைச் சங்கு தானாக ஊதும்; பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு கேட் மூன்றின் செக்யூரிட்டி சுவிட்சை அமுக்கினால் மூன்றாவது ஊதும். மூன்று சங்கு. மூன்றாவது சங்கில் பெல்ட் நகரும். அதன் மேல் விழுந்தது எதுவாக இருந்தாலும், மூன்று கிலோமீட்டர் தள்ளி, மலை மாதிரி நிற்கிற மண்மேட்டின் உச்சியில் போய்க் கொட்டும். அதற்கு மேல் இன்னும் மண் கொட்டும்.

இன்றைக்கு அவள் வந்தது புது சர்வர் மாற்ற. சின்ன வேலை. கேட் கம்ப்யூட்டர்களுக்கு சர்வரின் நிஜப் பேர் தெரியாது, ‘மெயின்’ என்று ஒரு அலியாஸ்தான் தெரியும். வீட்டில் கூப்பிடுகிற பேர் மாதிரி. அந்தப் பேர் எந்த மெஷினைக் காட்டுகிறது என்பதை மட்டும் மாற்றிவிட்டால் போதும். எதையும் நிறுத்த வேண்டாம், ரீஸ்டார்ட் வேண்டாம். ஆனால் மாற்றும்போது திறந்து கிடக்கிற புரோகிராமுக்கு மாற்றம் தெரியாது. அது பழைய சர்வரின் கையைப் பிடித்தபடியே இருக்கும். புரோகிராமை ஒருதரம் மூடித் திறந்தால்தான் அந்தப் பிடி விடும்.

இது பொற்கொடியைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதனால் இன்றைக்கு மூன்று கேட்டிலும் மூடித் திறந்தாள். இரண்டு தரம் சரிபார்த்தாள். இணைப்புப் பட்டியலைத் திறந்தாள். கேட் ஒன்று, புது சர்வர். கேட் இரண்டு, புது சர்வர். கேட் மூன்று, புது சர்வர்.

அதற்குக் கீழே நாலாவதாக ஒரு வரி.

கேட் மூன்று. பழைய சர்வர். இணைப்பில் உள்ளது.

பழைய சர்வர் ரேக்கின் அடித்தட்டில் கிடக்கிறது. அதன் கரண்ட் வயரைப் பிடுங்கி, அதன் உடம்பிலேயே சுற்றி, நுனியை டேப்பால் ஒட்டி வைத்தவள் அவள்தான்.

ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, அதைவிட்டு, புதுசு வந்து சேரும்வரை, ஒரு இரவல் சர்வருக்கு மாறினார்கள். அன்றைக்கும் மழை. கேட் மூன்றில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. அந்தக் கேட் கம்ப்யூட்டரின் பவர் பட்டன் மேல் ஆட்களே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருப்பார்கள். ஒருதரம் அது நடுவில் நின்றுபோய் இருபது பேருக்கு ஆப்சென்ட் விழுந்ததிலிருந்து, யாரையும் அதில் கைவைக்க விடமாட்டார்கள். பொற்கொடி அலியாஸை மாற்றிவிட்டு, மூடித் திறக்கிறேன் என்றபோது நாற்பது குரல் ஒன்றாகக் கிளம்பியது. சரி, வரிசை போகட்டும் என்று விட்டாள். நாற்பத்தைந்து பேர் பழைய சர்வரிலேயே விழுந்தார்கள். வரிசை ஓய்ந்ததும் அந்த நாற்பத்தைந்து பேரையும் இரவல் சர்வருக்கு நகலெடுத்துப் போட்டாள். புரோகிராமை மூட மவுஸைப் பிடித்தாள்.

அந்த இடைவெளியில் ராயப்பன் ஓடி வந்தார்.

சேத்தியாத்தோப்பு பஸ் லேட்டாம். தலையெல்லாம் சொட்டச் சொட்ட, மஞ்சள் பையைப் பதினேழாம் நம்பர் ஆணியில் மாட்டிவிட்டு அட்டையை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. கம்பி சுழன்றது. தினமும் கேட்கிறதை அன்றைக்கும் கேட்டார்.

“பாப்பா, எம் பேரு வுழுந்துச்சா?”

“வுழுந்துச்சுண்ணா. போங்க.”

விழத்தான் விழுந்தது. பழைய சர்வரில். ஆறு ஐம்பத்திரண்டுக்கு. ஆறு ஐம்பத்து மூன்றுக்கு அவள் புரோகிராமை மூடித் திறந்தாள். இரவல் சர்வர் நாற்பத்தைந்து என்றது. அவள் கணக்கும் நாற்பத்தைந்து. டீ குடிக்கப் போனாள்.

மதியம் இரண்டு மணிக்கு நாற்பத்தைந்து பேர் ஏறி வந்தார்கள். பூஜ்யம். மூன்று சங்கு.

மறுநாள்தான் ஆணியில் அந்த மஞ்சள் பை இன்னும் தொங்குவதைப் பார்த்தாள். பழைய சர்வரைத் திறந்தாள். ஒரே ஒரு வரி, வெளியேறிய நேரம் இல்லாமல் நின்றது. பக்கத்தில் கேமரா பிடித்த படம். ஈரத்தலை, பாதிச் சிரிப்பு. லேட்டாகப் போனவர் கும்பலில் சேராமல், பெல்ட்டின் கடைசி முனையில், உருளைக்கு அடியில் தனியாக மண் வார உட்கார்ந்திருப்பார். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சர்வரை நிறுத்தினாள். வயரைப் பிடுங்கினாள். மஞ்சள் பையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக் கொண்டுவந்து, ரேக்கின் பின்னால், சர்வருக்கும் சுவருக்கும் நடுவில் திணித்தாள்.

வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அவளிடம் காரணம் இருந்தது. அவள் அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு நின்றவர். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது பட்டா வைத்திருந்தவர்களுக்காவது பேச ஒரு காகிதம் இருந்தது. கூலிக்கு நின்ற வீட்டுக்கு ஒன்றுமில்லை. அந்த வீட்டில் முதல்முதலாக ஒருத்தி பெர்மனென்ட் ஆகப்போகிறாள். லிஸ்ட் எப்போது வேண்டுமானாலும் வரும். ராயப்பன் வீடும் அதே மாதிரி வீடுதான். அதை நினைக்காமல் இருக்கத்தான் அவள் ரேக் பக்கம் திரும்புவதில்லை.

ஆனால் திங்கட்கிழமைதோறும் வள்ளியம்மாள் வந்தாள். ராயப்பனின் மனைவி. கவுன்ட்டருக்கு வெளியே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரீனின் முதுகையே பார்ப்பாள். பேர் இருந்தால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும், மண்மேட்டைக் கிளறித் தேடியாக வேண்டும். பேர் இல்லை என்றால் அவர் எங்கேயோ ஓடிப்போன ஆள். ஊரில் அப்படித்தான் பேச ஆரம்பித்திருந்தார்கள். இவளைக் கட்டிக்கொண்டு எவன் இருப்பான் என்றுகூட ஒருத்தி சிரித்தாளாம்.

“இன்னொரு தபா பாரு தங்கச்சி. சோறு கட்டிகினு போன ஆளு எங்க போயிருப்பாரு?”

பொற்கொடி ஒவ்வொரு தடவையும் தேடுகிற மாதிரி விசையைத் தட்டுவாள். “பேரு இல்லக்கா. அன்னிக்கி அவரு வரவே இல்ல.”

“நாந்தான மஞ்சப் பையில வெச்சி குடுத்தேன். வாள மீன் கொழம்பு.”

ஐந்து திங்கட்கிழமை. ஐந்து தடவையும் அதே பதில். நாளைக்கும் திங்கட்கிழமை.

ஸ்க்ரீனில் ஒன்று அசையவில்லை. பொற்கொடி கேட் மூன்றுக்குப் போன் போட்டாள். செக்யூரிட்டி செங்குட்டுவன் எடுத்தார். யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, இந்த மழையில் உள்ளே இருக்க எவனுக்கு மேடம் வேண்டுதல் என்று சிரித்தார். அவர் ஸ்க்ரீனில் பூஜ்யம்தான். அஞ்சரைக்கு பெல்ட் ட்ரயல், பூஜ்யத்தைப் பார்த்து அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போவேன் என்றார். போனை வைக்கப் போனவர் நிறுத்தினார்.

“ஒண்ணு மேடம். யாருமே வரல. ஆனா கம்பியெல்லாம் ஒரே சேறு. உள்பக்கம்.”

அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

பக்கத்து மானிட்டரில் கேட் மூன்றின் கேமரா. மழைத்தாரைக்குப் பின்னால் தகரக் கூரை, சுழல் கம்பி, சுவரில் வரிசையாக ஆணிகள். எல்லாம் காலி.

டக்.

கம்பி சுழல்கிற சத்தம். ஒரு ஆள் உள்ளே போகும்போது இரும்பில் இரும்பு இடிக்குமே, அது. கேட் மூன்று இந்த அறையிலிருந்து அரை கிலோமீட்டர். மானிட்டரில் கம்பி அசையவில்லை. சத்தம் ரேக்கின் பக்கமிருந்து வந்தது.

டக். டக்.

யாரோ வெளியே வரப் பார்க்கிறார்கள், கம்பி விடவில்லை என்பதுபோல.

அவள் நாலாவது வரியை அழுத்தினாள். அழுத்தியிருக்கக்கூடாது. உள்ளே ஒரு பேர் திறந்தது. ராயப்பன். உள்ளே வந்த நேரம், ஆறு ஐம்பத்திரண்டு. வெளியேறிய நேரம், காலி. உள்ளே இருக்கும் நேரம், நாற்பத்தொரு நாள், ஒன்பது மணி, நாற்பத்தாறு நிமிடம். அவள் பார்க்கும்போதே நாற்பத்தாறு நாற்பத்தேழு ஆனது.

படத்தில் அதே முகம். ஆனால் முடி ஈரமாக இல்லை. முடி என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை. நெற்றிவரை பழுப்பாக இறுகி, உதடும் மூக்கும் ஒரே மண்ணாக, கண்கள் மட்டும் மண்ணில் பதித்த மாதிரி. திறந்திருந்தன.

அந்த வாடை இப்போது தெளிவாகப் பிரிந்தது. களிமண், நிலக்கரி. அதற்கு நடுவே, சந்தேகமே இல்லாமல், அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு மீன் குழம்பு.

பொற்கொடி எழுந்தாள். நாற்பது நாளில் முதல்தடவையாக ரேக் பக்கம் போனாள். குனிந்து, சர்வருக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டாள். பை ஈரமாக இருந்தது. உள்ளே இருந்த தூக்குச்சட்டி சுட்டது. பக்கத்தில் சர்வரின் தகரம் உறுமியது, பூனையின் வயிறு மாதிரி லேசாக. வயர் அதன் உடம்பைச் சுற்றி, ஒட்டின டேப்போடு அப்படியே இருந்தது. முன்னால் ஒரு பச்சைப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இது ஒரு வாய்ப்பு என்று. ஒன்றே ஒன்று செய்தால் போதும். ‘மெயின்’ அலியாஸைப் பழைய சர்வர் பக்கம் திருப்பி, இங்கிருந்தே புரோகிராமை மூடித் திறந்தால், அந்த வரி எல்லாக் கேட்டிலும், எல்லா ஸ்க்ரீனிலும் தெரியும். செங்குட்டுவன் பார்ப்பார். காலையில் வள்ளியம்மாள் பார்ப்பாள். அரை நிமிஷ வேலை.

அவள் நாற்காலிக்கு வந்து, மேஜையிலிருந்த தன் நீலச் சோற்றுப் பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அலியாஸைத் திறந்தாள். பழைய சர்வரின் பேரைத் தட்டி முடித்தாள். சேமி என்பதன் மேல் மவுஸ் நின்றது. அரை நிமிஷ வேலைக்கு அரை மணி நேரமாக அப்படியே நின்றது.

போன் அடித்தது. அவளுடைய மேலாளர் ஜெயகணேஷ். சர்வர் மாற்றியாயிற்றா என்று கேட்டார். ஒன்று காட்டுகிறது சார் என்றாள். எந்தக் கேட் என்றார். மூன்று, பழைய கனெக்‌ஷன் ஒன்று திறந்திருக்கிறது என்றாள். கொட்டாவி விட்டார்.

“அந்த ஒண்ண கட் பண்ணிட்டு வூட்டுக்குப் போம்மா. லிஸ்ட் செவ்வாக்கெழம வருது. ஒம் பேரு இருக்கு. மழையப் பாக்காம சீக்கிரம் கெளம்பு.”

அவள் வாயில் பேர் வந்தது. ராயப்பன் என்கிற பேர். நாக்கு வரைக்கும் வந்தது.

“சரிங்க சார்,” என்றாள்.

போனை வைத்தாள். தட்டின பேரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். நாலாவது வரிக்குப் போய், துண்டி என்பதை அழுத்தினாள். ஒரு பெட்டி திறந்து கேட்டது: இந்த இணைப்பில் ஒருவர் இருக்கிறார். துண்டிக்கவா?

ரேக்கின் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி அமைதி.

ஆம்.

டக்.

இந்தத் தடவை கம்பி முழுசாகச் சுழன்றது. வெளியேறிய நேரம் என்ற கட்டத்தில் எண் வந்து விழுந்தது. ஐந்து இருபத்து நாலு. ராயப்பன் வெளியே.

ஏசி நின்றது. ரேக்கின் பக்கமிருந்து, ஈரக்கால் தரையில் படுகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. அவசரமே இல்லாமல் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்து, கதவுப்பக்கம் போனது. போகிற போக்கில் அவள் மேஜையிலிருந்து எதையோ எடுத்தது. அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். காதோரம் மண் உதிர்ந்தது.

“ஒம் பேரு வுழுந்துடுச்சு பாப்பா.”

கதவு திறந்து மூடியது.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். அல்லது உடனே திறந்தாளோ என்னவோ. ஸ்க்ரீன் மட்டும் எரிந்தது.

உள்ளே: 1.

அவள் அதை அழுத்தவில்லை. தானாகத் திறந்தது. பழைய சர்வர். கேட் மூன்று. பொற்கொடி. உள்ளே வந்த நேரம், ஐந்து இருபத்து நாலு. பக்கத்தில் படம் மெதுவாக, மேலிருந்து கீழாக, வரி வரியாக வந்தது. அவள் நெற்றி. அவள் கண். அதற்குக் கீழே மண்.

எழுந்தாள். தலை இடித்தது.

இந்த அறையில் தலை இடிக்க எதுவும் கிடையாது. கையைத் தூக்கித் தடவினாள். ரப்பர். ஈரமான, தடித்த, அகலமான ரப்பர். பக்கவாட்டில் தடவினாள். சில்லென்ற இரும்பு உருளை. மேஜை இருந்த இடத்தில் கை களிமண்ணுக்குள் மணிக்கட்டுவரை இறங்கியது. போன் எங்கேயோ மண்ணுக்குள் அடித்தது. தோண்டி எடுத்தாள்.

“மேடம், எனக்கு பூஜ்யம் காட்டுது. அமுக்கிடட்டுங்களா?”

வாயைத் திறந்தாள். வாய் நிறைய மண்.

“மேடம்? ஹலோ?”

பக்கத்து மானிட்டர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதில் கேட் மூன்றின் சுவர், மழை, வரிசை ஆணிகள். பதினேழாம் நம்பர் ஆணியில் ஒரு பை. நீலம். ஜிப் போய் ஊக்கு குத்தின பை. காலையில் அவள் அம்மா தயிர் சாதம் கட்டிக் கொடுத்த பை. நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

செங்குட்டுவன் போனைக் காதில் வைத்தபடி அதன் பக்கத்தில் வந்து நின்றார். பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஸ்க்ரீனைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார்.

“யாருதோ பை ஒண்ணு கெடக்குது,” என்றது போன். “லிஸ்ட்ல யாரும் இல்லியே.”

முதல் சங்கு.

அவள் உருளையை இரண்டு கையாலும் அடித்தாள். கத்தினாள். மண் இன்னும் உள்ளே போனது.

இரண்டாவது சங்கு.

மானிட்டரில் செங்குட்டுவன் பையை, அடுத்தவர் பொருளை வைக்கிற பக்குவத்தோடு, அதே ஆணியில் திரும்ப மாட்டினார். கீழே விழாமல் இருக்கிறதா என்று ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு, சுவிட்ச் பக்கம் நடந்தார்.